விதிப் பேரேடும் ஒரு சிறுமியின் கேள்வியும்

பேசும் மீன், பறக்கத் தெரியாத டிராகன், முழுநிலவின் ஒளியிலே அமர்ந்து மாந்தர் அனைவருடைய தலைவிதியையும் புரட்டிப் பார்க்கும் கிழவர். இவையெல்லாம் நிறைந்த கதைநூல் ஒன்றைக் குழந்தையின் கையிலே கொடுக்கலாமா என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதுதான். அறிவுக்கு ஒவ்வாத கதைகள் மக்களை அழுத்தி வைத்திருக்கும் கொடுமையை ஓயாமல் எடுத்துரைப்பவர்கள் நாம். முன்வாயிலிலே விரட்டிய மடமையை, குழந்தை இலக்கியம் என்ற பெயர் சூட்டிக் கொல்லைப்புறமாக உள்ளே அழைப்பதா என்று அத்தோழர்கள் ஐயுறுகின்றனர்.

ஐயம் நல்லது. ஆனால் ஐயத்தோடு நின்றுவிட்டால் அது ஆராய்ச்சியாகாது. ஆகவே ஒரு நூலை எடுத்து, பிரித்து, நிறுத்துப் பார்ப்போம். அமெரிக்காவிலே 2009ஆம் ஆண்டில் வெளிவந்து, 2010இல் நியூபெரி சிறப்பு நூல் என்ற மதிப்பைப் பெற்ற 'மலை நிலவைச் சந்திக்கும் இடம்' என்ற சிறுவர் புதினம் அது. எழுதி, ஓவியமும் தீட்டியவர் கிரேஸ் லின் அம்மையார். தைவானிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு மகளாக அமெரிக்காவிலே வளர்ந்தவர். சீன நாட்டுப்புறக் கதைகள் பலவற்றை எடுத்து, உருமாற்றி, ஒரே பயணக் கதையின் இழையிலே கோத்திருக்கிறார்.

நூலுக்குள் நுழையுமுன் நமக்கோர் அளவுகோல் வேண்டும். அதைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. சீன நாட்டின் பேரெழுத்தாளர், பழமையின் பகைவர், லூ சுன் அவர்களே அதை நமக்குத் தருகிறார்.

1926இல் அவர் எழுதிய நினைவுக் கட்டுரைகளிலே, தம் பிள்ளைப் பருவத்து நூல்கள் இரண்டைப் பற்றிக் கூறுகிறார். ஒன்று, 'மலை கடல் ஏடு' என்ற மிகப் பழைய நூலின் படப் பதிப்பு. அவரை வளர்த்த செவிலி எழுத்தறியாதவர். அந்த நூலின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர். ஆயினும் பிள்ளை அந்த நூலுக்காக ஏங்குகிறான் என்று அறிந்து, விடுப்பிலே ஊருக்குப் போய்த் திரும்புகையில் நான்கு சிறு தொகுதிகளை வாங்கி வந்து கொடுத்தார். தாள் மட்டம், அச்சு மோசம், படங்களோ கோணல்மாணல். உள்ளே ஒன்பது தலைப் பாம்பு, மூன்று கால் பறவை, தலையற்றும் மார்பையே விழியாகக் கொண்டு ஆடும் வீரன்! அறிவியலுக்கும் அதற்கும் எட்டாத் தொலைவு. எனினும் தம் கைக்கு முதன்முதல் வந்து சேர்ந்த, தாம் மிகவும் நேசித்த செல்வம் அதுவே என்கிறார் லூ சுன்.

மற்றொன்று, பெற்றோர்க்குப் பணிவிடை செய்த மாந்தர் இருபத்து நால்வரின் கதை. பெரியவர் ஒருவர் பரிசாகத் தந்தது. ஒழுக்க நூல்! ஊரும் உலகமும் போற்றும் நூல்! அதிலே குவோ ஜூ என்பவனுடைய கதை வருகிறது. வறுமை, வயதான தாய், மூன்று வயதுக் குழந்தை. தாயின் உணவிலே குழந்தைக்கும் பங்கு போகிறதே என்று வருந்திய அந்த 'நன்மகன்', குழந்தையை உயிரோடு புதைக்கக் குழி வெட்டுகிறான்! வெட்டிய குழியிலே பொன் கிடைத்ததாம். ஆகவே குழந்தை பிழைத்ததாம். பொன் கிடைக்காமற் போயிருந்தால்? இதைக் கதை சொல்லவில்லை. சிறுவன் லூ சுன் அதைத்தான் எண்ணினான். தன் வீட்டிலும் வறுமை வளர்கிறது, பாட்டியும் இருக்கிறாள், தந்தையும் நன்மகனாகத் தீர்மானித்துவிட்டால் புதைகுழி யாருக்கு? அந்தப் பிஞ்சு உள்ளம் நடுங்கியது.

தோழர்களே, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்பது தலைப் பாம்பு ஒரு குழந்தையையும் கடிக்கவில்லை. ஒழுக்கக் கதையோ அவன் உறக்கத்தைக் கொன்றது. காரணம் என்ன? முதல் நூல் 'இதோ பார், வியப்பு!' என்று மட்டுமே சொன்னது. இரண்டாவதோ, 'இதுவே உண்மை, இவ்வாறே நட, ஏனென்று கேளாதே' என்று ஆணையிட்டது. கற்பனை தன்னைக் கற்பனை என்று காட்டிக்கொண்டு குழந்தையோடு விளையாடும் வரையில் அது நண்பன். அது கட்டளையாகி, கேள்வியைத் தண்டிக்கத் தொடங்கும் நொடியிலேதான் மூடநம்பிக்கை பிறக்கிறது. ஆகவே நம் அளவுகோல், நூலிலே டிராகன் இருக்கிறதா என்பதன்று. கேள்வி இருக்கிறதா என்பதே!

இந்த வேறுபாட்டை உணராமல், பேசும் விலங்கைக் கண்டு அஞ்சியவர் ஒருவர் வரலாற்றிலே இருக்கிறார். அவர் பகுத்தறிவாளர் அல்லர், படைத்தலைவர்! ஹூனான் மாநில ஆட்சித் தலைவராக இருந்த ஹே ஜியான், 1931இல், பாடநூல்களிலே நாயும் பூனையும் வாத்தும் பேசுவதாவது என்று சினந்து, அவற்றை நீக்குமாறு கல்வி அமைச்சகத்துக்கு எழுதினார். பழைய கன்பூசிய நூல்களைப் பள்ளிப் பிள்ளைகள் ஓத வேண்டுமென்று வாதாடியவரும் அவரே. குழந்தையின் உள்ளம் வளரக்கூடியது, படைத்தலைவரின் உள்ளத்தைப்போல் தேங்கிக் கிடப்பதன்று என்ற பொருள்பட லூ சுன் அவருக்கு விடையிறுத்தார். எறும்புக்கு அரசு இருக்கிறதா என்று இன்று வியக்கும் குழந்தை, நாளை எறும்பின் வாழ்க்கையை ஆராயும்; வியக்கவே விடாத குழந்தை எதை ஆராயும்? பூனை பேசக்கூடாது என்றவர் குழந்தையின் அறிவைக் காக்க எண்ணியவர் அல்லர். குழந்தை பேசக்கூடாது என்பதே அவர் உள்ளக்கிடக்கை.

இனி, கிரேஸ் லின் நூலின் ஊற்றுக்கண்ணுக்கு வருவோம். அவர் கதையின் நடுவே அமர்ந்திருப்பவர் நிலாக் கிழவர். இவர் நூலாசிரியர் படைத்தவர் அல்லர். ஒன்பதாம் நூற்றாண்டிலே லீ ஃபூயென் எழுதிய கதையிலேயே இவரைக் காண்கிறோம். வெய் கூ என்ற இளைஞன், நிலவொளியிலே ஏடு படிக்கும் கிழவரைச் சந்திக்கிறான். மணமக்களின் கால்களை இணைக்கும் செந்நூல் அவருடைய பையிலே இருக்கிறது. உனக்கு மனைவியாகப் போகிறவள் இதோ, காய்கறி விற்பவளின் மூன்று வயதுக் குழந்தை என்கிறார். இளைஞனுக்குச் சினம். ஏழைவீட்டுப் பிள்ளையா எனக்கு மனைவி? வேலைக்காரனை ஏவிக் குழந்தையைக் குத்திக் கொல்லச் சொல்கிறான்! கத்தி புருவங்களின் இடையிலே பட்டுத் தவறுகிறது. பதினான்கு ஆண்டுகள் கழித்து உயர் அலுவலர் மகளென்று எண்ணி அவன் மணக்கும் பெண்ணின் நெற்றியிலே அதே வடு! விதியை யாரும் வெல்லமுடியாது என்பது கதையின் முடிவு. குழந்தையைக் கொல்ல ஏவியவனுக்குத் தண்டனை? இல்லை! விதி வாழ்க என்ற முழக்கத்திலே கொலைமுயற்சி மறைந்துபோகிறது.

ஆனால் மக்கள் ஒரே குரலிலே பேசியவர்கள் அல்லர். இதற்கு முன்பே, நான்காம் நூற்றாண்டிலே கான் பாவ் தொகுத்த வியப்புக் கதைகளிலே வேறொரு குரல் ஒலிக்கிறது. யென் சாவ் என்ற இளைஞன் பத்தொன்பது வயதிலே இறப்பான் என்று விதி ஏட்டிலே எழுதியிருக்கிறது. அவன் மதுவும் மான் இறைச்சியும் சுமந்து சென்று, மரத்தடியிலே காய் நகர்த்தி ஆடிக்கொண்டிருக்கும் விண்மீன் தேவர்கள் இருவருக்கும் பேசாமல் ஊற்றி ஊற்றிக் கொடுக்கிறான். ஆட்டத்திலே மயங்கியவர்கள் குடித்துத் தீர்க்கிறார்கள். தின்ற கடனுக்கு என்ன செய்வது? எழுதுகோலை எடுத்து, பத்தொன்பது என்பதன் எழுத்துகளை முன்பின்னாக மாற்றித் தொண்ணூறு ஆக்கிவிடுகிறார்கள்!

என்ன நகைச்சுவை! எத்தனை கூர்மை! பூவுலகத்து அலுவலகக் கணக்கன் எப்படியோ, அப்படியே வானுலகத்துக் கணக்கனும் என்று கண்டு சிரித்திருக்கிறான் அந்தக் காலத்துக் குடியானவன். விதி, கல்லிலே வெட்டிய எழுத்தன்று; மையிலே எழுதிய கணக்கு. எழுதிய கை திருத்தவும் செய்யும்!

1592இல் அச்சான 'மேற்றிசைப் பயணம்' நூலிலே குரங்கரசன் சுன் வூகோங் இன்னும் ஒருபடி மேலே போகிறான். கெஞ்சவில்லை, மது கொடுக்கவில்லை. சாவுலகத்துக்குள் புகுந்து, பதிவேட்டைக் கொண்டுவரச் செய்து, 1350ஆம் எண்ணின் கீழே தன் பெயரும், ஆயுள் 342 ஆண்டு என்ற குறிப்பும் இருக்கக் கண்டு, மையைத் தோய்த்து அடித்துவிடுகிறான். தன் பெயரை மட்டுமா? குரங்கினத்துப் பெயர் அத்தனையையும்! பின்னர் அவன் தலையிலே பொன்வளையம் மாட்டி, மந்திரம் சொல்லி வலிக்கச் செய்து அடக்கினார்கள் என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் நினைவிலே வைத்திருப்பது வளையத்தையா, பேரேட்டை அடித்த கையையா?

ஆக, விதிக்கு மண்டியிடும் கதையும், விதியைக் கேலி செய்யும் கதையும் ஒரே மண்ணிலே விளைந்தவை. பழங்கதையை எடுத்தாளும் இன்றைய எழுத்தாளரை, எந்தக் குரலை நீர் தேர்ந்தெடுத்தீர் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

இப்போது மின்லியைப் பார்ப்போம். கனியா மலையின் அடிவாரத்திலே ஒரு சிற்றூர். மலையிலே பச்சையில்லை, நிலத்திலே வளமில்லை. நாள் முழுவதும் சேற்றிலே நின்று நெல் நடும் தாய், தந்தை, மகள் மூவரும் உண்பது வெறுஞ்சோறு. மின்லிக்குச் சொந்தம் இரண்டே செப்புக் காசு. அதிலே ஒன்றைக் கொடுத்துப் பொன்மீன் ஒன்றை வாங்கிவிடுகிறாள். நமக்கே சோறில்லை, மீனுக்குமா என்று தாய் வெதும்புகிறாள். சிறுமி மீனை ஆற்றிலே விடுகிறாள். மீன் வழி சொல்கிறது. நம் வீட்டு நிலைமையை மாற்றுவது எப்படி என்று நிலாக் கிழவரிடமே கேட்டுவிடுவேன் என்று அவள் புறப்படுகிறாள்.

இங்கே நிற்போம். ஓர் ஏழை உழவன் மகள்! படையில்லை, பணமில்லை, கையிலே மிஞ்சியது ஒரு காசு. அவள் விதியின் கணக்கரிடம் சென்று, 'நாங்கள் ஏழைகளாயிருப்பதை மாற்றுவது எப்படி?' என்று கேட்கத் துணிகிறாள். விதி என்று சொல்லி விம்மவில்லை, நோன்பு நோற்கவில்லை, நடக்கிறாள்! பத்து வயதுப் படிப்பாளியின் உள்ளத்திலே இந்த ஒரு காட்சி பதிந்தால் போதும். மற்ற வியப்புகள் எல்லாம் அதற்குக் கட்டிய கூலி என்று கொள்ளலாம்.

வழியிலே டிராகன் அவளுக்குத் தோழனாகிறது. ஓவியன் ஒருவன் தீட்டிய படத்திலே கண் வைத்தவுடன் உயிர்பெற்ற டிராகன் அது, பறக்கத் தெரியாது. ஏன் பறக்க முடியவில்லை என்று கேட்டு வா என்கிறது. மின்லி நகரத்திலே பசித்த முதியவர் ஒருவருக்குத் தன் கடைசிக் காசையும் கொடுக்கிறாள். வேறோர் ஊரிலே, அவள் குளிரிலே வாடக்கூடாதென்று ஊரார் ஒவ்வொருவரும் தத்தம் உடையிலே ஒரு துண்டை வெட்டி, ஒட்டுப்போட்ட மேலங்கி தைத்துத் தருகிறார்கள். இறுதியிலே கிழவரைக் காண்கிறாள். தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு ஒரு கேள்விக்கு மட்டுமே அவர் விடை சொல்வாராம்! வானத்து அலுவலகம் அவ்வளவு சுறுசுறுப்பு! கைவசம் கேள்விகள் இரண்டு. ஒன்று தன் வீட்டுக்கு, ஒன்று தோழனுக்கு. மின்லி தோழனின் கேள்வியைக் கேட்கிறாள்.

இந்த முடிச்சும் நாட்டுப்புறத்துச் சொத்தே. தன் வறுமைக்குக் காரணம் கேட்க மேற்றிசைப் புத்தரை நாடிச் செல்லும் ஏழை இளைஞன், வழியிலே பிறர் ஒப்படைத்த கேள்விகளைக் கேட்டு, தன் கேள்வியை விட்டுவிடும் கதை சீனத்திலே பல வடிவங்களில் வழங்குகிறது. பிறர்க்குக் கிடைத்த விடைகளே அவன் வறுமையையும் தீர்க்கின்றன. தனியொருவன் மீட்சி என்று ஒன்றில்லை. தோழனின் தளை அறும்போது நம் தளையும் அறுகிறது என்று கண்ட மக்களின் அறிவு அது. லின் அம்மையார் அதைச் சிதைக்காமல் எடுத்திருக்கிறார். டிராகனின் தலையிலிருந்த கல்லை மின்லி அகற்றுகிறாள். பாரம் நீங்கிய டிராகன் பறக்கிறது. அந்தக் கல்லோ விலைமதிப்பற்ற முத்து. அதை அரசனிடம் அளித்த ஊராருக்கு விதையும் உழவுக் கருவிகளும் வருகின்றன; கனியா மலை பசுமை பூணுகிறது.

இவ்வளவும் போற்றினோம். இனி, குறையையும் கூறியாக வேண்டும். கூறாவிடில் இது திறனாய்வாகாது, திருப்புகழாகிவிடும்.

நூலின் நடுவே, மகிழ்ச்சியின் இரகசியம் எழுதிய தாள் ஒன்று வருகிறது. அதிலே ஒரே சொல்தான், மீண்டும் மீண்டும். அந்தச் சொல் 'நன்றியுணர்வு' என்பது கடைசியிலே தெரிகிறது. தன் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கும் நூலாசிரியர் இரண்டு காரணங்கள் வைக்கிறார்: தோழன் மீது அன்பு, இருப்பது போதும் என்ற நிறைவு. முதற்காரணத்தை ஏற்கிறோம். இரண்டாவதை ஏற்கத் தயங்குகிறோம்.

அந்தத் தாயை எண்ணிப் பாருங்கள். சேற்றிலே உழைத்து, வெறுஞ்சோறு உண்டு, ஏன் இந்த நிலை என்று பெருமூச்சு விட்டாள். இது குற்றமா? நூலோ, மகள் வீட்டைவிட்டுப் போனதற்கு அந்தத் தாயின் மனக்குறையே காரணம் என்று அவளையே வருந்தவைத்து, அவள் வாயாலேயே தன் பேராசையைக் கதையாகச் சொல்லவைக்கிறது. தந்தை இனிய கதை சொல்பவர், தாய் முணுமுணுப்பவள், ஆகவே திருந்த வேண்டியவள் தாய்! அடுப்பிலே என்ன ஏற்றுவது என்று நாள்தோறும் கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கு, நிறைவு கொள் என்று உபதேசிப்பது எளிது. மகளின் கேள்வி எங்கிருந்து பிறந்தது? தாயின் பெருமூச்சிலிருந்துதானே! மகள் கேட்டால் வீரம். தாய் கேட்டால் பேராசையா?

நன்றியுணர்வு தீதென்று நாம் கூறவில்லை. தம் உடையை வெட்டித் தந்த ஊராரிடம் மின்லி கொள்ளும் நன்றி, சமமானவர்கள் ஒருவரிடம் ஒருவர் கொள்ளும் உறவு, உயர்ந்தது. ஆனால், தாளிலே எழுதி, பெட்டியிலே வைத்து, பசித்தவனைப் பார்த்து, உனக்கு வேண்டியது இதுதான் என்று நீட்டப்படும் நன்றி வேறு. முன்னது போர்வை, பின்னது வாய்ப்பூட்டு.

நல்லவேளையாக, கதை தன் போதனையைவிட அறிவுள்ளதாக இருக்கிறது. மலை எதனாலே பசுமையாயிற்று? நன்றியுணர்வை ஆயிரம் முறை எழுதியதாலா? இல்லை. ஒரு சிறுமி புறப்பட்டதாலே. தோழனின் சுமையை இறக்கியதாலே. விதையும் கருவியும் வந்து சேர்ந்ததாலே. தாய் முணுமுணுக்காமல், மகள் கேளாமல், மூவரும் நன்றியோடு வெறுஞ்சோற்றை உண்டுகொண்டே இருந்திருந்தால், கனியா மலை இன்றும் கனியா மலைதான்! போதனையை ஒதுக்கி, நிகழ்ச்சியைப் பற்றிக்கொள்ளுங்கள் என்பதே இந்நூலைப் படிக்கும் இளைஞர்க்கு நாம் கூறுவது.

உழைப்பின்றி வரும் வியப்பைச் சிறுவர் கதை எப்படி விசாரிக்கலாம் என்பதற்குச் சீனத்திலேயே முன்மாதிரி உண்டு. 1958இல் நூலாக வந்த சாங் தியென்யியின் 'மாயச் சுரைக்காயின் மறைபொருள்' அது. பாட்டி சொன்ன கதையிலே கேட்ட, கேட்டதெல்லாம் தரும் சுரைக்காய், வாங் பாவ் என்ற பள்ளிச் சிறுவனுக்குக் கிடைத்துவிடுகிறது. கேட்டான், வந்தது. பிறகுதான் தெரிகிறது, வந்தவை யாவும் எங்கிருந்தோ எடுக்கப்பட்டவை என்று! தேர்விலே விடை வேண்டினான்; பக்கத்து மாணவன் எழுதிய தாளே இவன் மேசைக்கு வந்துவிட்டது. உழைக்காமல் ஒருவன் பெறுவது, உழைத்த இன்னொருவன் இழந்தது என்ற பொருளியல் பாடத்தை, ஒரு சுரைக்காயைக் கொண்டு கற்பித்துவிட்டார் ஆசிரியர். மாயம் இருக்கிறது, மடமை இல்லை. மின்லியின் கதையிலே மலை பசுமையானதன் கணக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டப்படவில்லை என்பதே நம் குறை.

எனவே தோழர்களே, டிராகனைக் கண்டு அஞ்ச வேண்டாம். நூலைத் தடைசெய்து அறிவை வளர்த்தவர் எவருமில்லை; அந்த வேலையைப் படைத்தலைவர்களுக்கு விட்டுவிடுவோம். தம்பிக்கும் தங்கைக்கும் இக்கதையைப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் நூலை மூடிவிடாதீர்கள். அந்தத் தாய் ஏன் பெருமூச்சு விட்டாள்? ஊருக்கு விதையும் கருவியும் முன்பே ஏன் வரவில்லை? தொண்ணூற்றொன்பது ஆண்டுக்கு ஒரு கேள்விதான் என்று சட்டம் செய்தவர் யார்? கேளுங்கள், அவர்களையும் கேட்கவிடுங்கள்.

மின்லி தன் கேள்வியைக் கிழவரிடம் கேட்காமலே திரும்பி வந்தாள். அந்தக் கேள்வி இன்னும் விடையின்றி நிற்கிறது. அதைக் கேட்கும் பொறுப்பு, கதையைப் படித்த பிள்ளைகளுடையது. விடை தேடும் பொறுப்பு நம்முடையது. அதற்கு நிலவு வரை போகவேண்டியதில்லை. பேரேடும் எழுதுகோலும் வானத்திலே இல்லை. மாந்தர் கையிலேதான் இருக்கின்றன.